பின்பாக்கெட் ராடு

எர்ணாவூரில் நான் வெல்டிங் செய்யும் பட்டறைக்கு அந்தச் செய்தி வந்த அன்று எல்லோரும் குதித்தார்கள். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. நம் கடற்படை அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பல் கட்டப் போகிறதாம். கப்பல் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் உடம்புக்கு வெல்டிங் போட ஆள் இப்போதே வேண்டுமாம், அதற்கு ஒரு பரீட்சையாம். தேறினால் அட்டை தருவார்கள். அட்டை இருந்தால் கடைசிவரை வேலைக்குக் கவலையில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சை! எல்லாம் தலையெழுத்து.

இரண்டு தகடுகளை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வகை இரும்புக்கு ஈரம் ஆகவே ஆகாது. வெல்டிங் ராடைச் சூட்டுப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சூடு ஆறுவதற்குள் போட்டுவிட வேண்டும். ஈரம் உள்ளே போனால் ஒருநாள் கழித்துக்கூட விரிசல் விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து வெல்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டிவரை நடக்கச் சோம்பல்பட்டு, நாலைந்து ராடுகளைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வோம். இரும்பு கேட்டுக்கும் தண்ணீர் டேங்குக்கும் அது போதும்.

பரீட்சையன்று உப்புக்காற்று, உடம்பெல்லாம் வேர்வை. காலையில் பயிற்சிக்கு எடுத்ததில் மிச்சம் ஒரு ராடு பாக்கெட்டில் இருந்திருக்கிறது. கடைசி வரிசை போடும்போது கை தானாகப் பின்னால் போய்விட்டது. முடித்த பிறகுதான் உறைத்தது. சீ என்று ஆகிவிட்டது.

பக்கத்து மேசையில் இருந்த என் தோஸ்து மட்டும் பார்த்துவிட்டான். "இன்னா நைனா, பாக்கெட்லேர்ந்தா எடுத்த? வுடு, கம்முனு கெட. கப்பலே இன்னும் வர்ல, அதுக்குள்ள நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற?" என்றான்.

விரிசல் வருகிறதா என்று பார்க்கத் தகட்டை இரண்டு நாள் சும்மா வைப்பார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை! அட்டை கைக்கு வந்தது. வீட்டில் மனைவி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தடவை ஏதோ தப்பித்தேன். நாளைக்கு நிஜக் கப்பலின் தகட்டிலும் இந்தக் கை பின்னால் போகாது என்று யார் சொல்வது? டேங்க் ஒழுகினால் கீழே வாளி வைக்கலாம். கடலுக்கடியில் இருக்கிறவர்கள் எங்கே ஓடுவார்கள்? என் கையை நினைத்து எனக்கே பயம் வந்துவிட்டது.

மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறை ஃபோர்மேனிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் இத்தனை வருஷ ஆள் பாக்கெட் ராடு போட்டேன் என்று சொல்ல மானம் விடவில்லை. வாயில் வந்தது வேறு. "சார், கண்ணு மின்ன மாரி தெர்ல. கப்பல் வேல எனக்கு வாணாம். பழைய வேலையே செஞ்சிகினு இருக்கேன்."

அவர் அட்டையை வாங்கி மேசைமேல் வைத்தார். "கண்ணு தெரியாதவங்கிட்ட எந்த வெல்டிங்கையும் குடுக்க முடியாதுய்யா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது மற்றவர்கள் போட்ட வெல்டிங்கை கிரைண்டிங் மெஷினால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் மனைவி என் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாள். "இப்பவாச்சும் தெரியுதாய்யா?" என்று குனிந்து கேட்கிறாள்.

"கொஞ்சம் மங்கலா கீது," என்கிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. அவள் அழுவதுகூடத் தெரிகிறது.