எமில் கொடுத்த கேக்

கடலைக் கலக்குகிற கச்சான் காற்றிலும் வள்ளம் இறக்குகிற தாழ்வுபாட்டு மீனவன் எமிலுக்கு, சொந்தக்காரர் நாலு பேர் கூடினால் மட்டும் நாக்கு எழும்பாது.

அவனுடைய மகள் கிருஷாந்திக்கு ஒன்பது வயது. வயிறு ஊதி, கைகால் மெலிந்து, ஓயாத வயிற்றுப்போக்கோடு இருந்தாள். மூன்று தடவை பூச்சி மருந்து கொடுத்தார்கள். உடம்பு தேறட்டும் என்று காலையும் மாலையும் கோதுமைப் பாணைத் தின்னக் கொடுத்தார்கள். கடைசியில் இரத்தம் சோதித்து, கமரா விட்டுக் குடலையும் பார்த்த டொக்டர், இது சீலியாக் நோய் என்றார். கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தை எதிர்க்கப் போய் உடம்பே தன் குடலைப் புண்ணாக்குகிறதாம். குணப்படுத்த மருந்து இல்லை. பாண், பிஸ்கட், ரோல்ஸ், கேக் எதுவும் இனி ஆயுளுக்கும் ஒரு துளிகூடக் கூடாது. சோறும் மீனும் அரிசிமாப் பிட்டும் தாராளமாகச் சாப்பிடலாம்.

எமிலின் மனைவி துஷ்யந்தி அன்றோடு கோதுமை மாவை வீட்டுக்குள் விடவில்லை. கோதுமை மா அரித்த பழைய அரிதட்டைக்கூட எறிந்துவிட்டுப் புதிது வாங்கினாள்.

வெளியில் எமில்தான் கெடுத்தான். அண்ணன் வீட்டுப் பிறந்தநாளில் கேக் தட்டு நீண்டபோது, பிள்ளைக்கு ஆகாது என்று சொல்ல அவனுக்கு மானம் போவது போல இருந்தது. நோயாளிப் பெட்டை என்று பெயர் வந்தால் நாளைக்கு யார் கட்டுவான்? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த மனுசன் அப்போதே மாப்பிள்ளை தேடியிருக்கிறான். ஒரு துண்டு ஒன்றும் செய்யாது என்று காதுக்குள் சொல்லி ஊட்டினான். பிறகு ஒரு ஞானஸ்நானம், ஒரு கலியாணம், கோயில் பெருநாள். எல்லா இடத்திலும் ஒரு துண்டு.

ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முகம் சுளித்தார். நோய் தணியவில்லை, பிள்ளையின் நிறையும் கூடவில்லை. எங்கிருந்தோ கோதுமை போகிறது என்றார். தன் அடுப்படியில் இல்லை என்று துஷ்யந்தி அழுதாள்.

"நான்தான் களவாத் திண்டனான்," என்றாள் கிருஷாந்தி.

துஷ்யந்தி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். எமில் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி மறுபடி கை ஓங்கியபோதுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"அவளுக்கு அடியாதை. நான்தான் குடுத்தனான் டொக்டர்."

ஏன் கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். அப்பாவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் கிருஷாந்திதான் பதில் சொன்னாள்.

"அப்பாவை ஏசாதேங்கோ டொக்டர். என்னால அவருக்கு வெட்கம்."