பூட்டிய நாட்களின் அமைதி

"பழைய கணக்கைத் திரும்பப் போட மாட்டேன்" என்று சொல்லி அவள் மடிக்கணினியை அண்ணன் பக்கம் திருப்பினாள். "நீயே படிச்சுப் பாரு. எந்த வரி தப்புன்னு சொல்லு."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த ஆப்பிள் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அது சாயாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டி ஒரு வருடம் இருக்கும். பழத்தோடு வந்தபோதே ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வரியெல்லாம் எனக்குப் புரியாது. நீ அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு விட்டே, எங்க மூணு முதலீட்டுத் திட்டமும் 'குறைந்த ஆபத்து'லேருந்து 'நடுத்தர ஆபத்து'க்கு ஏறிடுச்சு. மேனேஜர் கூப்பிட்டு, அதைப் பாத்துக்கறது உங்க தங்கச்சிதானாமேன்னு கேக்கறார்."

"இத்தனை வருஷம் கேக்கலையா அவர்?"

பகலில் அவள் ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவள். மீதி நேரத்தில் அந்த மென்பொருள். பங்கு விலைகள் எவ்வளவு ஆடுகின்றன என்று கணக்கிட்டுச் சொல்லும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எழுதியது அவள் அல்ல. எப்போதோ அதில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினாள். "எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டு, எழுதியவர் கழன்றுகொண்டார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகும். கூட இருப்பது ஒரே ஒருவர். முகம் பார்த்ததில்லை. ஊர் தூங்கும்போது பதில் எழுதுவதால் ஆந்தை என்று பெயர் வைத்திருந்தாள். பெரிய பெரிய கம்பெனிகள் அந்த மென்பொருளை எடுத்துப் பிழைத்தன. எழுதும்போது மட்டும் கடன் கொடுத்தவன் தோரணையில் எழுதின: எப்போது சரியாகும், ஏன் இன்னும் ஆகவில்லை.

புதுப் பதிப்பில் அவள் திருத்திய பிழை எளியது. சந்தை பூட்டியிருக்கும் நாளில் விலை கிடையாது. மென்பொருள் முந்தின நாள் விலையையே அங்கே நிரப்பி, அந்த நாளையும் கணக்கில் சேர்த்தது. அசையாததை அமைதி என்று எடுத்துக்கொண்டது. ஆட்டம் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது, காகிதத்தில்.

"டெப்போவுல நிக்கற பஸ் எங்கேயும் மோதாது. நின்ன நாளையெல்லாம் சேர்த்து எண்ணி, எங்க டிரைவர் எவ்வளவு நிதானம் பாருங்கன்னா ஒத்துப்பியா?"

"ஒத்துக்க மாட்டேன். ஆனா மென்பொருளோட சோதனையிலயே பழைய விடைதான் சரின்னு இருந்ததாமே. எங்க இன்ஜினியர் காட்டினார்."

அவளுக்குக் காது சூடானது. யார் எதை மாற்றினாலும் முதலில் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். இந்த எண்களைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். வராவிட்டால் சிவப்பு விளக்கு. பிழையைத் திருத்தியதும் ஒரு சோதனை சிவப்பாயிற்று. சரியான கணக்கைத் தப்பு என்றது. அதை யார் எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தாள்.

"எழுதினதே உங்க இன்ஜினியர்தான். காட்டினாரே, அதைச் சொன்னாரா? தனியா கணக்குப் போட்டுப் பாக்கலை. மென்பொருளை ஓட்டினார், அது சொன்னதையே சரியான விடைன்னு எழுதி வெச்சுட்டார். பரீட்சை எழுதினவன்கிட்டயே பேப்பரைத் திருத்தக் கொடுத்தாச்சு."

"சரி, தப்புதான். எல்லாரும் ஒத்துக்கிட்ட தப்பு."

"பழைய பதிப்பையே வெச்சுக்கோங்களேன். யார் தடுத்தா?"

"தணிக்கைக்கு வர்றவங்க புதுசுதான் இருக்கணும்கறாங்க."

"பேரு புதுசு, விடை பழசு. நல்லா இருக்கு அண்ணா."

அவன் கைப்பேசியை எடுத்து நீட்டினான். மேனேஜர் ஆந்தைக்கும் எழுதியிருந்தார். வேண்டியவர்கள் பழைய கணக்கையே போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்துவிடலாமே என்று ஆந்தை பதில் போட்டிருந்தது. கடைசியில், எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை என்றும் இருந்தது. அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். ஆந்தையைத் திட்ட முடியவில்லை. அதன் தெம்பை உறிஞ்சியவர்களில் ஒருவரான மேனேஜர்தான் ஆப்பிள் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள், "ஏன்டா, என் ஓய்வுப் பணத்தை எதுல போட்டே?"

அண்ணன் பையை விட்டான். ஒரு ஆப்பிள் மேசையில் உருண்டது.

"அந்த மூணுல ஒண்ணுலதான்மா. ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆட்டம் தாங்காதுன்னு சொன்னேன்ல? ஆடாததுன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினே?"

"அப்போ ஆடாததாத்தான் இருந்தது."

"அப்பவும் ஆடிச்சு," என்றாள் அவள். "சொல்லலை, அவ்வளவுதான்."

அம்மா மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "நல்ல பிள்ளைடா நீ."

அண்ணன் எழுந்தான். "நீ செய்யலேன்னா நாங்களே ஒரு பிரதி எடுத்து மாத்திப்போம். அதுக்கு உன் அனுமதி வேண்டாமாம்."

"வேண்டாம். உரிமம் அப்படி."

"உன் பேரை மட்டும் எடுக்கக் கூடாதாம். அதுவும் உரிமமாம்."

அவளுக்கு அது தெரியும். பல முறை படித்த வரிதான். அதை ஒருவன் தன் மேல் இப்படித் திருப்புவான் என்றுதான் தோன்றியதில்லை.

"என் பேரைப் போட்டு, தப்பைப் போடுவீங்க."

"உனக்கு மரியாதைதானே."

"பழத்தை எடுத்துட்டுப் போ அண்ணா."

அவன் எடுக்காமல் போனான். ஆந்தைக்கு அவள் ஒரே வரி எழுதினாள்: சுவிட்ச் வேண்டாம், சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா காலையிலேயே அண்ணனுடைய கம்பெனிக் கிளைக்குப் போனாள். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, பணத்தைத் திரும்பக் கேட்டாள். ஆபத்து குறைவான திட்டம்தானே, ஏன் எடுக்கிறீர்கள் என்று கவுன்டரில் இருந்த பெண் பழைய விளம்பரத் தாளைக் காட்டிக் கேட்டாள். அம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஒரு பாலம் மூடப்பட்டதால் பஸ் கம்பெனியில் நான்கு வழித்தடங்களின் நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. அவள் மாற்றினாள். மதியம் அண்ணன் கம்பெனியின் பிரதி வெளியானது. பெயர் வேறு. பூட்டிய நாட்கள் மறுபடி கணக்கில் இருந்தன, சோதனைகள் எல்லாம் பச்சை. முதல் பக்கத்தில், விதிப்படி, அவள் பெயர் இருந்தது. மாலையில், பிரதியில் அவள் பெயரைப் பார்த்து, சரியான கணக்கை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டு யாரோ எழுதியிருந்தார்கள். அவள் விளக்கம் எழுதி அனுப்பினாள். ஆப்பிள்கள் மேசையிலேயே இருந்தன.