மே எட்டில் பிறக்காத விமலா

ஒரு பெண்ணுக்குத் தவறான நட்சத்திரத்தில் கல்யாணம் நடக்கக் காரணம் நான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்!

தாம்பரத்தில் தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம். ஒரு திருமணத் தகவல் நிலையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வரன்களின் விவரங்களை எக்செல்லிலிருந்து புதிய டேட்டாபேஸில் ஏற்றினேன். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அதுவோ மாதத்தை முதலில் படித்தது. இருபத்தைந்தாம் தேதிக்காரர்களை, அப்படியொரு மாதமே இல்லையென்று திருப்பி அனுப்பியது. அவர்களை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்... பன்னிரண்டுக்கு உட்பட்ட தேதிகளெல்லாம் சத்தமில்லாமல் தலைகீழாகிக் கிடந்தன!

அப்படித்தான் ஆகஸ்ட் ஐந்தில் பிறந்த விமலா மே எட்டுக்குப் போனாள். சேலையூரில் பள்ளி ஆசிரியை. தாய் இல்லை, வீடு மாறியதில் ஜாதகம் தொலைந்திருந்தது, நட்சத்திரம் அப்பாவுக்கு நினைவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் பூசம் என்று ஜாதகம் கணித்தது. தாளில் 05/08 என்றே அச்சாகியிருந்ததால், அப்பா அதை ஆகஸ்ட் ஐந்தாகவே படித்தார். கூடுவாஞ்சேரி சேகரின் திருவோணத்தோடு பொருத்தம் பிரமாதம்!

எங்கள் அலுவலகத்தில்தான் இருவரும் முதலில் சந்தித்தார்கள். சேகர் என்ன சொன்னானோ, அவள் சிரித்த சிரிப்பில் எங்கள் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

பிறகுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. நாள், மாதம், ஆண்டு என்று வரிசையைச் சொல்லிக்கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். விமலாவுக்குச் சுவாதி! திருவோணத்தோடு ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. பெண்ணின் உயிருக்கே ஆகாது என்பார்கள். சொல்லிவிடத்தான் போன் செய்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"அண்ணா, நிச்சயத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும். இவரை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்ணா."

வருகிறேன் என்றேன். பிறகு, யாரும் தேடிப் பார்த்துவிடக் கூடாதென்று, அவளுடைய வரியில் மட்டும் மே எட்டை என் கையாலேயே தட்டினேன். அது கருணையா, கோழைத்தனமா? நீங்களே சொல்லுங்கள்...

குன்றத்தூர் மலையில் கல்யாணம். பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்! இன்று அவர்களுக்கு இரண்டு பெண்கள். வீடு முழுக்கச் சண்டையும் சிரிப்பும். விமலாவுக்குத் தலைவலி என்றால் மட்டும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. ஜோதிடத்தில் நம்பிக்கையே இல்லாதவன் நான்!

போன மாதம் மாடம்பாக்கம் கோயிலுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அர்ச்சனைக்குக் குருக்கள் நட்சத்திரம் கேட்டார்.

"பூசம்," என்றாள் விமலா. "இந்த அண்ணன்தான் சாமி எனக்கு ஜாதகமே போட்டுக் குடுத்தாரு."

குருக்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் கண்களை இறுக மூடி, சுவாதி, சுவாதி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.