முசரவாக்கத்துச் சாயப்பட்டறையில் கோபர் கேஸ் பற்றிக்கொண்ட காலை

எழுபதுகளில் சென்னையில் ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தில், விறகுக்கு மாற்று தேடும் பிரிவுக்கு நான் தலைமை. ஒரு தை மாதம் விடிந்தும் விடியாமலும் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் முசரவாக்கம், அங்கே பட்டு நூலுக்குச் சாயம் போடும் சரசக்காவின் பட்டறை. எங்கள் முதல் கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயு அடுப்பை அன்றுதான் பற்றவைக்க வேண்டும். எனக்கு ஒரே குஷி!

கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. "எரிஞ்சா விறக நிறுத்திட்றேன். எரியலன்னா சாணிக் குழிய மூடிடுவேன்" என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மற்ற பட்டறைக்காரர்களும் அவரைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா பிடித்தேன். மடியில் இரும்பு பர்னர். "சாணியில அடுப்பு எரியுதாமா? என் குதிர லத்தி வேணுமா?" என்று வண்டிக்காரர் வழி முழுக்கக் கிண்டல்.

பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. வாயு சேரும் இரும்புத் தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சரசக்கா எரியும் கற்பூரத் தட்டோடு அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"நில்லுக்கா! கேஸ் கசிஞ்சா பத்திக்கும்!" என்று கத்தினேன்.

அவர் முகம் மாறியது. "கற்பூரம் காட்டாம நான் பட்டு அவிச்சதே இல்லமா. அது ஆகாதுன்னா உன் அடுப்பும் எனக்கு ஆகாது."

கையிலிருந்த பர்னரைப் பார்த்தேன். சட்டென்று தோன்றியது. "வேணான்னு சொல்லலக்கா. தொட்டிக்கு வேணாம், அடுப்புக்குக் காட்டு."

தொட்டியிலிருந்து தள்ளி, கொட்டகைக்குள் பர்னரை மாட்டிக் குழாயைத் திறந்தேன். அக்கா தட்டை நீட்டினார். குப்பென்று பற்றியது! பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. செப்புக் குண்டானில் சோப்புத் தண்ணீர் கொதித்த பிறகுதான் எல்லோரும் நம்பினார்கள். பட்டு நூல் பசை நீங்கி வெள்ளைவெளேரென்று வந்தது, ஒரு பொட்டுக் கரி இல்லை. சின்னப் பிள்ளை போலக் கைதட்டினேன்.

இப்படிப்பட்ட வேலையாகப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பட்டறைக்குள் நிற்க முடியாது. புது அடுப்பின் பெருமையை அப்புறம் பேசலாம். கற்பூரத்தை எங்கே காட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நான் கிளம்பும்போது, வழக்கமான விறகு வண்டி வாசலில் வந்து நின்றது. விறகுக்காரர் இறக்குவதற்குக் கட்டையில் கை வைத்தார். சரசக்கா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"இறக்காதபா. வண்டிய திருப்பு."