அந்தக் கார்டை நான் திருத்தினேன்

எங்கள் கம்யூனிட்டி சென்டரில் புதிதாகச் சேரும் வாலண்டியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

1. முதல் நாள்

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து இருபது வருடம் கழித்துக் கிடைத்த வாலண்டியர் வேலை அது. முதல் நாளே டைரக்டர் லிண்டா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் லேபிளில் வர வேண்டும், ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தக் கூடாது. நானும் பெரிய பொறுப்புக்காரி மாதிரி தலையாட்டினேன்.

லாபியில் ஆளுயர ஃபோம் போர்டு. அதன் மேல் ஒரே ஒரு கேள்வி: ‘யாரிடமாவது சொல்ல வேண்டி, சொல்லாமல் விட்டது என்ன?’ யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல், தெரிந்த மொழியில் கார்டு எழுதிப் பெட்டியில் போடலாம். நாங்கள் அதை போர்டில் மாட்டி, அடியில் ஆங்கில லேபிள் ஒட்டுவோம். தமிழுக்கு நான் ஒருத்திதான். “நம்ம ஆளுங்களாவது, மனசுல இருக்கறத எழுதறதாவது! பொங்கல் வாழ்த்துதான் வரும், பாருங்க” என்று வீட்டில் கேலி செய்தேன்.

2. தமிழில் வந்த கார்டு

இரண்டாவது வாரம் வந்தது. நீல மை, குண்டு குண்டான எழுத்து.

“மெடிசின் படிக்க மாட்டேன்னு பொண்ணு சொன்னப்போ, செத்துத் தொலைன்னு சொன்னேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அன்னிலேர்ந்து அவ என்கிட்ட முகங்குடுத்துப் பேசறதில்ல. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடும்மா.”

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் வீடுகளில் கோபம் வந்தால் வாயிலிருந்து விழுகிற வார்த்தைதான். பால் பொங்கி வழிந்தால்கூட வரும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், பெற்ற பெண்ணைச் சாகச் சொல்கிற கூட்டமா இது என்று லிண்டா நினைக்க மாட்டாளா? லேபிளில் இப்படி டைப் செய்தேன்: ‘மகளோடு ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். அவளை மிகவும் நேசிக்கிறேன்.’

முகம் தெரியாத ஒரு தாயைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். லிண்டா முன்னால் என் மானம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

3. சனிக்கிழமை

அந்த வாரக் கடைசியில் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூடவே காலேஜ் ஸ்வெட்ஷர்ட் போட்ட பெண், கையில் கார் சாவியோடு.

“வீட்டுக்குப் போகலாம் அம்மா. ஒய் ஆர் வீ ஹியர்?”

“ரெண்டு நிமிஷம்டி. இத மட்டும் படி.” அம்மாள் நேராக நீல மைக் கார்டின் முன்னால் போய் நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. அம்மாளுக்கோ ஆங்கிலம் வராது, முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் எங்கள் போர்டை நம்பி எழுதியிருக்கிறார். நாங்கள் ஆங்கிலத்தில் போடுவோம், மகள் படிப்பாள் என்று.

மகள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“ஸ்மால் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்? சீரியஸ்லி, அம்மா?”

அம்மாள் குழம்பிப்போய் என் கழுத்தில் தொங்கிய பேட்ஜைப் பார்த்தார். “மேடம், நீங்க தமிழ்தானே? நான் எழுதினது அப்படியே இருக்குல்ல இதுல?”

நாலடி தள்ளி லிண்டா நின்றிருந்தாள்.

“அப்படியேதாங்க இருக்கு” என்றேன்.

அந்தப் பெண் விடுவிடுவென்று பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டாள். அம்மாள் கைப்பையை அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கார்டைத் திருத்தியதைவிட, அந்த ‘அப்படியேதாங்க’ என்னை இன்றுவரை குத்துகிறது.

4. போர்டைக் கழற்றிய நாள்

திங்கட்கிழமை லிண்டாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை. “அது உன் கார்டா?” என்று மட்டும் கேட்டாள். சரியான லேபிளை ஒட்டினேன். அவர்களைத் தேடிப் போகப் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. தினமும் வாசலைப் பார்த்தேன்.

போர்டைக் கழற்றுகிற அன்று அம்மாள் மட்டும் வந்தார், கார்டைத் திரும்ப வாங்க. நடந்ததைச் சொன்னேன். லிண்டா பக்கத்தில்தான் இருந்தாள். இருந்தால் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தன் கார்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, “உங்களுக்குப் பொண்ணு இருக்கா?” என்றார்.

“இருக்கா. டெக்ஸஸ்ல வேலை பாக்கறா.”

“அவள இப்படிச் சொல்லியிருக்கீங்களா?”

“சொல்லியிருக்கேன்.”

“அதான் உங்களுக்குச் சின்ன விஷயமாத் தெரிஞ்சிருக்கு.”

புது லேபிளை நீட்டினேன். வாங்கவில்லை. கார்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். “நானே வாயைத் திறந்து படிச்சுக் காட்டிக்கறேன். உங்க இங்கிலீஷ் வேணாம் மேடம்.”

படித்துக் காட்டினாரா, மகள் கேட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதியும் எனக்கில்லை.

அதற்குப் பிறகு வைத்த போர்டுகளுக்கும் எத்தனையோ கார்டுகள் வந்துவிட்டன. கை கூசினாலும் உள்ளது உள்ளபடியே டைப் செய்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மன்னிப்புக் கேட்பவருக்குத் தன் தப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். அதைச் சின்னதாக்க நாம் யார்?

என் பெண்ணிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.