லிங்கசாமி வீட்டு ஹப்மொபைல்

தீனதயாளனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் அவரிடம் இருப்பது ஒரு மொபெட் மட்டும். அதையும் காலையில் கம்பெனி ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் எங்கே விட்டோம் என்று கால்மணி நேரம் தேடுவார். ஆனால் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் செய்த கார் ஒன்றின் அரைச் சக்கரத்தை மங்கிப்போன போட்டோவில் காட்டினால் போதும், எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று சொல்லிவிடுவார். கட்டிய பெண்டாட்டி புதுச்சேலையில் வந்து நின்றால் தெரியாது, 1936க்கும் 1937க்கும் பம்பர் மாறியது மட்டும் தெரியும் என்று அவர் மனைவி சத்யப்பிரியா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் குவாலிட்டி செக்கர். துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவது வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய கார் படம் போட்ட டீசர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. பிரிண்ட் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். கீழே எழுதியிருந்த பேரும் மேலே இருந்த காரும் ஒன்றுதானா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தேடினார். ஆறு டிசைனில் இரண்டுக்குப் பேர் மாறியிருந்தது. மெயில் போட்டார்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் நன்றி சொல்லித் திருத்தி அனுப்பினார். தீனதயாளன் மட்டும் அதிலிருந்து திரும்பி வரவே இல்லை.

பழைய கார் போட்டோக்களைப் போட்டு 'இது என்ன கார்?' என்று கேட்கிற குழு ஒன்று இணையத்தில் உண்டு. அதில் வால்டர் என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர், எண்பது வயது, அறுபது வருடமாகக் கார் ரிப்பேர் பார்த்தவர். அவரே ஏதாவது சொல்லிவிட்டுத் தீனதயாளனின் பதிலுக்காகக் காத்திருப்பார். தீனாவின் பதில் கம்பெனி இங்கிலீஷில் வரும். 'ஃபெண்டர் ஓகே. லேம்ப் நாட் ஓகே. இயர் மிஸ்டேக். கைண்ட்லி ரீசெக்.' இவர் பெரிய என்ஜினீயராக இருக்கவேண்டும் என்று வால்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த விஷயம் முதலாளி லிங்கசாமியின் காதுக்குப் போனது போன வருடம்தான். அவர் புது வீடு கட்டி முடித்திருந்தார். மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பறைச் சுவர் நிறைய ஒரு போட்டோ மாட்டுவதாகத் திட்டம். அவருடைய அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு காரின் படிப்பலகையில் காலை வைத்து நிற்கிற படம். அந்தக் கார் ரோல்ஸ் ராய்ஸ் என்று அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அடியில் பித்தளை எழுத்தில் அதை எழுதி வைக்கவேண்டும். ஸ்பெல்லிங் மட்டும் சரி பார்க்கச் சொல்லித் தீனதயாளனை ரூமுக்கு வரச்சொன்னார்.

தீனதயாளன் ஸ்பெல்லிங்கைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, இது ரோல்ஸ் ராய்ஸ் இல்லீங்க."

"பின்ன?"

"ஹப்மொபைலுங்க."

லிங்கசாமி மேஜைமேல் கிடந்த தன் போனைப் பார்த்தார். "நான் காரைப் பத்திக் கேட்டனுங்க" என்றார்.

காரின் பேரே அதுதான் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளக்கு இரண்டும் தனியாக நிற்காமல் பானெட்டின் இரண்டு கன்னத்திலும் புதைந்திருக்கின்றன, முன்கண்ணாடி மூன்று துண்டாக வளைந்து போகிறது, ஆகவே 1934ஆம் வருடத்துக் கார், அதற்கப்புறம் ஆறே வருடத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றெல்லாம் தீனதயாளன் சொல்லச் சொல்ல முதலாளி முகம் சுருங்கிக்கொண்டே போனது. மூடிப்போன கம்பெனியின் பேரைச் சுவரில் எழுதி வைப்பதா? இரண்டு நாள் அவர் தீனதயாளனிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே செக்கிங் மேஜைக்கு வந்து, உலகத்தில் இந்தக் கார் எத்தனை இருக்கும் என்று கேட்டார். ரொம்பக் கொஞ்சம், நம் ஊர்ப்பக்கம் ஒன்று இருந்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார் தீனதயாளன். லிங்கசாமி யோசித்தார்.

"ரோல்ஸ் ராய்ஸ் ராஜாக்க ஊட்ல எல்லாம் கெடந்துச்சு. இது எங்க அப்புச்சி ஒருத்தருகிட்டத்தான் இருந்திருக்குது, பாருங்க."

'எங்கள் அப்புச்சியின் ஹப்மொபைல், 1934' என்று பித்தளை எழுத்து வந்து ஏறியது. வருகிறவர்களுக்கெல்லாம் லிங்கசாமி விளக்கிலிருந்து ஆரம்பித்து முன்கண்ணாடிவரை பாடம் எடுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா கந்தவேல், முதலிபாளையம் தொழிற்பேட்டையில் எலாஸ்டிக் நாடா செய்கிற யூனிட் வைத்திருப்பவர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வந்தவர், சுவரைப் பார்த்ததும் காப்பி டம்ளரைப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோவோடு வந்தார். அதில் அவருடைய அப்புச்சி அதே காரில், அதே படிப்பலகையில், அதே காலை வைத்து நின்றார்.

கொங்கு நாட்டில் சண்டைக்கும் மரியாதை உண்டு. தன் அப்புச்சி இளகின மனசுக்காரர், கேட்டவர்களுக்குக் காரை இரவல் கொடுப்பார், அப்படித்தான் லிங்கசாமியின் அப்புச்சி வாங்கி நின்று போட்டோ எடுத்திருப்பார் என்று கந்தவேல் மெதுவாகச் சொன்னார். லிங்கசாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"எங்க அப்புச்சி காருக்கு டிரைவர் ஒருத்தர் இருந்தாருன்னு அம்மா சொல்லுமுங்க. ரொம்பத் தங்கமான மனுசனாமுங்க."

கந்தவேல் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். நாள் குறிப்பது தள்ளிப்போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அனுப்பிரியா, தன் கல்யாணத்தை யாரும் பார்த்திராத ஒரு கார் நிறுத்திவிடும்போல இருக்கிறது, இரண்டு படத்தையும் தீனதயாளன் அண்ணனிடம் கொடுத்து முடிவு கேளுங்கள் என்றாள். இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தீனதயாளன் நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடியோடு போனார். ஒரு பக்கம் சம்பளம் கொடுக்கிற முதலாளி, இன்னொரு பக்கம் முதலாளியின் சம்பந்தி. இரண்டும் வேறு வேறு கார் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மனைவியும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் இரண்டு படத்திலும் முன்பம்பரின் இடது முனை ஒரே மாதிரி மடங்கியிருந்தது. குறை தெரிந்த உருப்படியை அவர் இதுவரை ஒருமுறைகூட பாஸ் செய்ததில்லை. செய்ய நினைத்தாலும் கை வராது.

ஒரு மணி நேரம் பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இரண்டு சம்பந்திகளும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். காரில் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில், சும்மா கண்ணாடியை மேலே நகர்த்தினார். அங்கே நின்றது. கோட்டு. இடது பாக்கெட் மூடி சற்றுக் கோணலாகத் தைத்திருந்தது. இரண்டாவது பட்டன் மட்டும் நாலு ஓட்டை, மற்றவை இரண்டு ஓட்டை. அடுத்த படத்துக்குப் போனார். அதே கோணல், அதே நாலு ஓட்டை. லிங்கசாமியின் அப்புச்சிக்குக் கோட்டின் கை விரலை மூடியிருந்தது. கந்தவேலின் அப்புச்சிக்கு மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டது.

"காரு ஒண்ணுதானுங்க" என்றார் தீனதயாளன். இருவரும் நிமிர்ந்தார்கள். "கோட்டும் ஒண்ணுதானுங்க. பன்னெண்டு வருசமா காரையே பாத்துட்டிருந்ததுல, துணி பாக்கற என்ற தொழிலை மறந்துட்டனுங்க."

யாரோ ஒரு போட்டோக்காரர் காரையும் கோட்டையும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை நிறுத்தி எடுத்திருக்கிறார் என்று விளக்கினார். முதலில் சிரித்தது அனுப்பிரியா. கந்தவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் தன் அப்புச்சி டிரைவர் இல்லையா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் தீனதயாளன். லிங்கசாமியும் அதையே தனியாக ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒருத்தரிடமும் கார் இல்லை என்று ஆனதும் இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியது போலிருந்தது. அன்றைக்கே நாள் குறித்தார்கள். பித்தளை எழுத்துக்காரரை மறுபடி வரவழைத்து, 'எங்கள் அப்புச்சியும் ஹப்மொபைலும்' என்று மாற்றினார்கள்.

கதை பரவிவிட்டது. கல்யாண மண்டபத்தில் தீனதயாளன் பந்திக்குப் போக முடியவில்லை. நாலு குடும்பத்தார் போட்டோவோடு வந்து நின்றார்கள். நாலிலும் அதே கார், அதே கோட்டு. பட்டன் உதிர்ந்த கணக்கை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அனுப்பர்பாளையத்திலிருந்து வந்த பழனாயி என்கிற எழுபத்தைந்து வயதுப் பெண்மணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு படத்தை நீட்டினார். அதில் கோட்டு போட்டவர் யாரும் இல்லை. காரின் முன்னால் இரண்டு காளைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த பானெட்டுக்குள் என்ஜின் இல்லை. காளைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெலிந்த ஆள் ஒருவர் நின்றார்.

"எங்கப்பனுங்க. போட்டோக்காரரு சந்தை சந்தையா போவாரு. இழுத்துட்டுப் போறது எங்கப்பன்தான்" என்றார் பழனாயி.

தீனதயாளன் அந்தப் படத்தை அன்றைக்கே இணையக் குழுவில் போட்டார். மறுநாள் வால்டரிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கார் இப்போதும் இருக்கிறதா, ஒரு துண்டாவது மிச்சம் இருக்கிறதா என்று ஆறு கேள்விக்குறி போட்டுக் கேட்டிருந்தார். தீனதயாளன் லீவு போட்டுவிட்டு அனுப்பர்பாளையம் போனார்.

போட்டோக்காரர் தொழிலை விட்டபோது காரைப் பழனாயியின் அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். தகரம் கோழிக்கூடாகிக் கொஞ்ச நாளில் துருப்பிடித்துப் போனது. ரேடியேட்டரில் இருந்த பித்தளையை மட்டும் அப்பா ஊர்ப் பாத்திரப் பட்டறையில் கொடுத்து, மற்ற பித்தளையோடு சேர்த்து உருக்கி, மகள் கல்யாணத்துக்குக் குடமாகச் செய்து கொடுத்தார். சொல்லிக்கொண்டே பழனாயி உள்ளே போய் அந்தக் குடத்தைத் தூக்கிவந்து வைத்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

தீனதயாளன் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்பைப் பார்த்தார்.

"அதுல என்னத்தைத் தேடற, கண்ணு? தண்ணி வேணுமா?" என்று கேட்டார் பழனாயி.

தீனதயாளன் ஆமாங்க என்றார். அந்தக் குடத்திலேயே மொண்டு கொடுக்கச் சொல்லி, இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு வாசலில் நின்று வால்டருக்குப் பதில் அனுப்பினார். 'ரேடியேட்டர் ஓகே. பாடி நாட் அவைலபிள். வாட்டர் டெஸ்டட்.'