மகளின் முதல் ஓட்டு

காலை ஏழு நாற்பதுக்கு, கீழ்க்கட்டளை வாக்குச்சாவடியில், பட்டியலில் என் மகளின் பெயர் இல்லை என்றார்கள். முதல் ஓட்டு போடவென்றே கோவை விடுதியிலிருந்து வந்திருந்தாள்.

என் விரலில் மட்டும் மை வைத்தார்கள். அதன் வாடை பட்டதும் அம்மாவின் விரல் ஞாபகம் வந்தது. மை வாடையும் மீன் வாடையும் கலந்த விரல். எம்.பி. தேர்தலன்று அம்மா கடற்கரையிலிருந்து மீன்கூடையோடு நேராகச் சாவடிக்கு வருவாள், என்னையும் இழுத்துக்கொண்டு. வரிசையில் பக்கத்துக் காலனியின் மாடிவீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

"இன்னா சார், துன்னும்போது நாறல, இப்ப நாறுதா?" என்பாள் அம்மா. வரிசையே சிரிக்கும்.

ஜெயித்த எம்.பி. யாரும் எங்கள் குப்பத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் அம்மா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. கைநாட்டு வைத்த அவள் பெயர் ஒருமுறைகூடப் பட்டியலில் விட்டுப்போனதில்லை. படித்த என் வீட்டில் விட்டுப்போயிற்று.

மகள் சாவடி இருந்த பள்ளியின் படிக்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு, எங்கள் தெருவில் வீடு வீடாகப் பட்டியல் சரிபார்த்த பெண் அலுவலர் வந்தார். நோட்டைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், நான் விசாரிக்க வந்தப்ப, பொண்ணு இப்ப இங்க இல்ல, கோவைக்குப் போயிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் பேரை எடுத்துட்டோம்."